சாரோனை ஏலம் விட்ட பண்டிகை

புஷ்பபாய் தன் மகனுக்காக நேர்ந்துகொண்டது புருஷனுடைய குதிரையை. அவளுக்கென்று சொந்தமாக நாலைந்து கோழிகள் இருந்தன, முட்டையிடுவதை மறந்துபோன ஒரு வாத்து இருந்தது, கல்யாணத்துக்குப் போட்ட கம்மல் இருந்தது. இவற்றில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நேராகப் போய்க் குதிரைமேல் கையை வைத்தாள். இந்தப் பெண்களின் கணக்கே தனி என்று சபையில் ஆண்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். புருஷன் ரெத்தினதாஸுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேர்ச்சைக்கு முதலில் ஆமென் சொன்னவனே அவன்தான்.

அது ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவன் வீடு. சபைக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் நீண்டுபோனால் ரெத்தினதாஸின் மனசு எங்காவது மேயப் போய்விடும். அன்றைக்கு அது கொட்டிலுக்குப் போயிருந்தது. குதிரையின் வலது முன்காலில் லாடம் ஆடுகிறதே, காலையில் முதல் வேலையாக அதை அடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புஷ்பபாயின் குரல் ஏறி இறங்கி, அழுகையில் முட்டி நின்றது. ஜெபம் நின்றால் ஆமென் சொல்ல வேண்டும் என்பது சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். சத்தமாகவே சொன்னான். சொன்ன பிறகுதான் வேறு யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. கண்ணைத் திறந்தால் அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உபதேசியார் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி, அவரும் ஒரு ஆமென் சொன்னார். அதற்குப் பிறகு கூட்டம் முழுக்கச் சொல்லிற்று.

புஷ்பபாய் ஜெபத்தில் சொன்னது இதுதான்: காணாமல்போன மகன் ராபின்சன் கையும் காலும் குறையாமல் வீடு வந்து சேர்ந்தால், வருகிற அறுப்பின் பண்டிகையில் எங்கள் குதிரை சாரோனைக் காணிக்கையாக வைக்கிறோம்.

அறுப்பின் பண்டிகையன்று அந்தப் பக்கத்துச் சபைகளில் எல்லாரும் தங்கள் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து சபைக் கோயிலில் படைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, தேங்காய், கோழி, சில வருஷம் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். குதிரை வைத்ததாக அந்தச் சபையின் வரலாற்றிலேயே கிடையாது. வைப்பதற்கு யாரிடமும் குதிரை கிடையாது என்பதும் ஒரு காரணம்.

கூட்டம் கலைந்ததும் ரெத்தினதாஸ் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டான்.

"உங்களுக்குப் பிரியமில்லாத்தத குடுத்தா அது காணிக்கையா?" என்றாள் புஷ்பபாய். "எனக்க கோழிய குடுத்து எனக்க பிள்ளைய கேக்கவா? நீங்க சொல்லுங்க."

 அவன் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

ராபின்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயசு. பாறசாலைச் சந்திப்பில் ஒரு தையல்கடையில் வேலை. ஐம்பத்துநாலாம் வருஷம் அது. தெற்குத் திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. தங்கள் ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடுதான் போகும் என்று இந்தப் பக்கத்துப் பையன்கள் அடித்துச் சொன்னார்கள். பகலில் ஊராருக்கு ஜம்பரும் சட்டையும் தைத்த ராபின்சன், மிச்ச நேரத்தில் கொடி தைத்தான். ஆகஸ்டு மாசம் ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு ஊர்வலத்துக்குப் போனான். அன்றைக்குத்தான் அங்கே போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. போன பையன்களில் சிலர் செத்தார்கள், சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் ஓடி வந்துவிட்டார்கள். ராபின்சன் எதில் சேர்த்தி என்று யாருக்கும் தெரியவில்லை.

ரெத்தினதாஸ் வண்டியைப் பூட்டிக்கொண்டு தேடப் போனான். ஆஸ்பத்திரி வாசலில் குதிரையை நிறுத்திவிட்டு, துணி போர்த்திக் கிடந்த ஒவ்வொருவருடைய காலையும் பார்த்துக்கொண்டு வந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மகனுடைய கால் விரல்கள் தன்னுடையவை மாதிரியே கோணலாக இருக்கும் என்பதால் கால் போதும் என்று நினைத்தான். எங்கேயும் இல்லை. வெளியே வந்து குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அது அசையவே இல்லை. ஈ மொய்த்தபோதுகூடத் தோலை மட்டும் சிலிர்த்துக்கொண்டு, காலை மாற்றாமல் நின்றது.

சாரோன் என்ற பெயர் உபதேசியார் வைத்தது. செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. கிழக்கே இருந்து வந்த ஒரு வியாபாரி, வயிற்றுப்போக்கில் விழுந்த குட்டியை இனி பிழைக்காது என்று களியக்காவிளைச் சந்தையில் போட்டுவிட்டுப் போக இருந்தான். ரெத்தினதாஸ் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மாதுளம்பழத் தோலை அவித்துக் கொடுத்து, சாக்கைச் சூடுகாட்டிப் போர்த்தி, கொட்டிலிலேயே படுத்து அதை எழுப்பி நிறுத்தினான். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் இரண்டு கலத்தில் கொள்ளு வேகும்; காணம் என்பார்கள் அந்தப் பக்கத்தில். வீட்டுக்காரர்களுக்கு உப்பும் தேங்காயும் சேர்த்து ஒரு கலம், குதிரைக்கு உப்பில்லாமல் ஒரு கலம். குதிரையின் கலம்தான் பெரியது.

அவனை ஊரில் எல்லாரும் வண்டிக்கார ரெத்தினம் என்பார்கள். சரியாகச் சொன்னால் அவன் சாரோனுக்குச் சேவகன். மழை பெய்தால் தான் நனைந்துகொண்டு குதிரைக்குச் சாக்குப் போர்த்துவான். விரித்த குடையைக் கண்டால் அதற்குப் பயம் என்பதால், வழியில் வருகிறவர்களிடம் குடையை மடக்கச் சொல்லிச் சண்டை போடுவான். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இது எப்படிப்பட்ட சண்டை என்று யோசித்துப் பாருங்கள். பாலம் என்றால் இன்னும் மோசம். அமரவிளைப் பாலம் வந்ததும் சாரோன் நின்றுவிடும். அவன் வண்டியை விட்டு இறங்கி, முன்னால் நடந்து, 'ஒண்ணுமில்ல மக்கா, வா வா' என்று பேசிக்கொண்டே போனால்தான் பின்னாலே வரும். பிரயாணிகள் பொறுமையிழந்தாலும் அவன் பொறுமை இழந்ததில்லை. சாட்டை என்று ஒன்று வண்டியில் செருகியிருக்கும். அது அவனுடைய முதுகு சொறிவதற்கு.

விற்பது என்றால் அவனுக்குக் கை வராது. கோழியைக்கூடப் புஷ்பபாய்தான் சந்தைக்குக் கொண்டுபோவாள். உயிருள்ள எதையும் அவன் அதுவரை விற்றதில்லை.

ராபின்சன் ஒரு மத்தியானம் தாடியோடு வந்து சேர்ந்தான். ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால், மலையடியில் ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் மரச்சீனி விளையில் ஒளிந்து கிடந்திருக்கிறான். இடையில் காய்ச்சல் வேறு. கையும் இருந்தது, காலும் இருந்தது. புஷ்பபாய் அவனைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அழ ஆரம்பித்தாள். ரெத்தினதாஸ் மகனைக் கட்டிப்பிடித்தான். மீசை முளைத்த பிறகு அவனை அப்படிப் பிடித்ததே இல்லை. சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. அது அடைத்த அதே இடத்தில், இனி குதிரை போகவேண்டும் என்பதும் வந்து நின்றது. இரண்டையும் ஒரே சமயத்தில் சுமக்க அவனால் முடியவில்லை. புல் அறுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

வழி காட்டியவர் உபதேசியார்தான். காணிக்கை வைத்தவனே ஏலத்தில் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார் அவர். நம் சபையிலேயே ராஜபாய் வருஷாவருஷம் தன் சேவலை வைத்துவிட்டுத் தானே ஏலம் எடுத்துக்கொண்டு போகிறாள். அந்தச் சேவலுக்கே பண்டிகைக்குப் போய் வருவது பழகிவிட்டது. கோயிலுக்குப் பணம் சேர வேண்டும், அவ்வளவுதானே. நாலு பேர் கேட்பார்கள், நீயும் கேளு, கடைசியில் நீயே எடுத்துக்கொள் என்றார். ரெத்தினதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டிக்குப் புதுச் சக்கரம் போட வைத்திருந்த பணத்தையும் வீட்டில் இருந்த மிச்சத்தையும் எடுத்துத் துணியில் முடிந்து வைத்தான். எவ்வளவு ஏறினாலும் சாரோனை விடுவதில்லை என்று மனசில் எழுதிக்கொண்டான்.

புஷ்பபாயிடம் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், உங்கள் இஷ்டம் என்றாள்.

சபைக்காரர்களும் தங்களுக்குள் ஒன்று பேசி வைத்திருந்தார்கள். ரெத்தினதாஸுக்கு அது தெரியாது. ஏழை வண்டிக்காரன், மகனைத் திரும்பப் பெற்றவன், அவன் குதிரைக்கு யாரும் ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்கக் கூடாது. அவன் முதலில் ஒரு சின்னத் தொகை கேட்கட்டும், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்போம், குதிரை அவன் கொட்டிலுக்கே போகட்டும். அந்தச் சபையில் இரண்டு பேர் ஒரு காரியத்தில் ஒத்துப்போனதே அபூர்வம். இதில் அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள்.

பண்டிகையன்று காலையில் அவன் சாரோனைக் குளிப்பாட்டினான். பிடரியைச் சீவினான். குளம்புக்கு எண்ணெய் போட்டான். ராபின்சன் கடையிலிருந்து சிவப்புத் துணி கொண்டுவந்து நெற்றிப்பட்டம் ஒன்று தைத்துக் கட்டினான்.  கோயில் முற்றத்தில் வாழைக்குலைகளுக்கும் சேனைக் கிழங்குகளுக்கும் நடுவில் சாரோன் வந்து நின்றபோது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அது நிதானமாகக் கழுத்தை நீட்டி, யாரோ படைத்திருந்த கரும்பில் ஒரு கடி கடித்தது. ஆண்டவருடைய கரும்பாச்சே என்று ராஜபாய் பதறினாள். குதிரையும் இப்போது ஆண்டவருடையதுதானே என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

வாழைக்குலை, கிழங்கு, சேவல் எல்லாம் போயின. சேவலை வழக்கம்போல ராஜபாயே எடுத்தாள். கடைசியில் உபதேசியார் குதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கயிறு ராபின்சன் கையில் இருந்தது.

"சபையாரே, சாரோன்," என்றார் உபதேசியார். "யாரு கேக்குதியோ?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உபதேசியார் ரெத்தினதாஸைப் பார்த்தார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். முகங்களில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. ஏதாவது கேள், ஐந்தோ பத்தோ கேள் என்று சபைக்காரன் பொன்னுதாஸ் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தான். அப்போதுதான் ரெத்தினதாஸுக்கு விஷயம் பிடிபட்டது. இவர்கள் யாரும் கேட்கப் போவதில்லை. தான் சொல்கிறதுதான் விலை.

அவன் நினைத்து வந்தது வேறு. நாலு பேர் கேட்பார்கள், விலை ஏறும், கையிலிருப்பதையெல்லாம் கொட்டி, போராடி, வியர்த்து, சாரோனை மீட்டுக்கொண்டு போவான். அப்படிப் போனால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நினைத்திருந்தான். இப்போது யாரும் எதிரே நிற்கவில்லை. ஆண்டவரும் அவனும் மட்டும்தான். மகனுக்குப் பதிலாகக் கொடுத்த பொருளுக்கு விலையை நீயே சொல்லு என்று அவனை நடுவில் நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்தான். பத்து என்று வந்தது, அதை விழுங்கினான். முடிச்சிலிருந்த மொத்தத்தையும் சொல்லலாம் என்று நினைத்தான். அதுவும் வரவில்லை. எந்தத் தொகையைச் சொன்னாலும், அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு அதுதான் விலை என்று ஆகிவிடும் போல இருந்தது. ராபின்சனின் கோணல் விரல்கள் முற்றத்து மணலில் புதைந்திருந்தன. அந்த விரல்களைத் தேடித்தானே துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

முற்றத்தில் அமைதி நீண்டுகொண்டே போயிற்று.

அந்த அமைதியைத் தாங்காதவர் நீலகண்டபிள்ளை. குழித்துறை ஆற்றுக்கு அக்கரைக்காரர், தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், சைவர். பாறசாலையில் அவருடைய தங்கை உமையம்மாள் வீடு. ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்குத் தங்கை வீட்டுக்கு வந்து, மரியாதைக்காக முற்றத்தில் ஒரு ஓரமாக நின்று, ஒரு வாழைக்குலையை ஏலத்தில் எடுத்துக்கொண்டு போவார். பஸ் கிடைக்காத நாளெல்லாம் ரெத்தினதாஸின் வண்டியில் போனவர் என்பதால் சாரோனை அவருக்கு நன்றாகத் தெரியும். சபைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்ததை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் பார்த்ததெல்லாம், ஒரு நல்ல மனுஷன் உயிரான குதிரையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறான், அதை வேண்டுமென்று சொல்ல ஒரு நாதி இல்லை என்பதுதான். அவருக்கு மனசு கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ஜோடி உழவு மாட்டின் விலையைச் சொன்னார்.

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொன்னுதாஸ் கையால் ஏதோ ஜாடை காட்டினான். பிள்ளை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு தரம்," என்றார் உபதேசியார், குரல் இறங்கி. பிறகு கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு தரம்." மறுபடியும் துடைத்தார். குதிரையின் வயசைப் பற்றி, அதன் குணத்தைப் பற்றி, யாரும் கேட்காமலே கொஞ்ச நேரம் பேசினார். ரெத்தினதாஸுக்கு நேரம் கொடுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. முடிச்சில் இருக்கிற பணம் பிள்ளை சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரே ஒரு வார்த்தை போதும். ரெத்தினதாஸ் புஷ்பபாயைப் பார்த்தான். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் ஒரு சாடைகூடக் காட்டவில்லை. அவனிடமே விட்டுவிட்டாள்.

 அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை.

"மூணாம் தரமும் சொல்லிப்போடும் உபதேசியாரே," என்றான். "வெயிலு ஏறுது. குதிர நிக்குது."

உபதேசியார் சொல்லவில்லை. இரண்டாவது முறை அவன் கேட்ட பிறகுதான் சொன்னார்.

சமாச்சாரம் பிள்ளையின் காதுக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாலேயே ராஜபாய் போய் விளக்கமாகச் சொல்லிவிட்டாள். மனுஷர் நடுங்கிப்போனார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால், சாரோனுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ரெத்தினதாஸிடம் ஓடி வந்தார்.

"எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல கேட்டியா ரெத்தினம்," என்றார். "உனக்க காணிக்கைய ஒருத்தனும் கேக்காம நிக்குதானுவளேன்னு எனக்குப் பொறுக்கல்ல. அதனால கேட்டதாக்கும். பணத்த நான் கோயிலுக்குக் கட்டியாச்சு. அது இருக்கட்டும். குதிரைய நீ கொண்டு போ. எனக்கு வேண்டாம்."

கயிறு அவன் கையில்தான் இருந்தது. சாரோனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனால் யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். சபையே சந்தோஷப்படும். ரெத்தினதாஸ் சாரோனின் மூக்கைத் தடவினான். சத்தியமாக அவனுக்கு ஆசையாக இருந்தது.

"பய வந்தாச்சு பிள்ளைவாள்," என்றான். "கொடுத்ததும் போணும். ரெண்டையும் நானே வச்சுக்கிட்டா, இனி ஒரு கஷ்டம் வரும்போ எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஆண்டவருக்கு முன்னால முட்டு குத்துவேன்? நீரு எடுத்தோளும். உம்மள எனக்குத் தெரியும். நீரு அடிக்கமாட்டீரு."

பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. சரி என்றார்.

ஒரே ஒரு காரியம் மட்டும் ரெத்தினதாஸ் கேட்டான். வழியில் குழித்துறைப் பாலம் இருக்கிறது, வேறு யார் கூப்பிட்டாலும் சாரோன் அதில் கால் வைக்காது, அதனால் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்றான்.

மறுநாள் காலை கிளம்பினான். வண்டி இல்லாமல், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். புஷ்பபாய் வாசல்வரை வந்து, சாரோனின் வாயருகே கையை நீட்டி எதையோ கொடுத்தாள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். களியக்காவிளை தாண்டி, வெயில் உறைக்கும் நேரத்தில் குழித்துறைப் பாலத்துக்கு வந்தான். கலவரத்துக்குப் பிறகு அங்கே போட்டிருந்த போலீஸ் காவல் இன்னும் எடுக்கப்படவில்லை. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி மலையாளத்தில் கேட்டார்.

"குதிரய எவிடே கொண்டு போகுன்னு?"

"விற்று சாரே," என்றான் ரெத்தினதாஸ். "கொண்டு கொடுக்கான் போகுவா."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தான். விற்றுவிட்டேன் என்று அதுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குக் கொடுத்தேன் என்பான், போய்விட்டது என்பான். வீட்டில் பேசுகிற பேச்சில் வாய்க்கு வராமல் அடைத்துக்கொண்டிருந்த வார்த்தை, சந்தையிலும் ஆபீஸிலும் பேசுகிற பேச்சில் சாதாரணமாக வந்துவிட்டது. போலீஸ்காரர் நல்ல குதிரை என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு வழிவிட்டார்.

பாலத்தின் தலைப்பில் சாரோன் நின்றது. அவன் முன்னால் போய், அதன் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து நடந்தான். "ஒண்ணுமில்ல மக்கா. வா. வா." அது காதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு குளம்பாக வைத்து வந்தது. கீழே ஆறு கலங்கி ஓடியது. நடுப்பாலத்தில் அவனே ஒரு தடவை நின்றான். சாரோன் வந்து அவன் நெஞ்சில் மூக்கால் முட்டியது, போ என்பது போல.

பிள்ளையின் வீட்டில் தொழுவம் நன்றாகவே இருந்தது. தரையில் புதுமணல் போட்டிருந்தார்கள். குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் ரெத்தினதாஸ் அதன் குற்றங்குறையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். குடையை விரித்துக்கொண்டு முன்னால் வரக் கூடாது. கோயில் மணி அடித்தால் நின்றுவிடும், மணி முடிகிறவரை விட்டுவிட வேண்டும். பாலத்தில் ஆள் முன்னால் நடக்க வேண்டும், நடந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். காணத்தில் உப்பு போடக் கூடாது. விற்கிறவன் சரக்கின் குறையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். காணம் வைத்தார்கள். சாரோன் தொட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் போகிறேன் என்று சொன்னான். அது தலையைத் தூக்கவில்லை. தூக்காதது அவனுக்கு வருத்தமாகவும் இருந்தது, உதவியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. கொடுத்ததைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் கொடுத்ததாக ஆகாது என்று அவனாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டான். முடிச்சிலிருந்த பணத்தில் காளைகள் வாங்கி, பாரவண்டி ஓட்டினான். சக்கரத்தைப் பழைய இரும்பை வைத்தே கட்டிக்கொண்டான். காளைகளுக்குப் பெயர் வைக்கவில்லை. பிள்ளை தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, சாரோன் சுகமாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, நவம்பர் முதல் தேதி எல்லை பிரிந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் தமிழ்நாட்டோடு போயின. நெய்யாற்றின்கரை போகவில்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கேரளம், குழித்துறை இருக்கிற அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே கொண்டாட்டத்துக்கு வெடி போடுகிற சத்தம் காற்றோடு இங்கே வந்தது. ராபின்சன் கடைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. மிச்சமிருந்த கொடித்துணியை மடித்து வைத்துக்கொண்டு கொட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டான். புஷ்பபாய் போய்க் கூப்பிட்டாள், உபதேசியார் வந்து ஆறுதல் சொன்னார், ஒன்றும் ஏறவில்லை.

ரெத்தினதாஸ் காளைகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாரோன் கட்டிக் கிடந்த முளைக்குச்சி இன்னும் அங்கேயே இருந்தது. அதை அவன் பிடுங்கவே இல்லை.

"எலே," என்றான். "நீ கேட்டது நமக்குக் கெடைக்கல்ல. சாரோனுக்குக் கெடச்சுதுல்லா."

ராபின்சன் முதலில் அப்பாவை வெறித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டான். ரெத்தினதாஸும் அழுதான், சிரிப்பில் வந்த கண்ணீர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. இரண்டு பேரும் முகத்தைத் துடைத்த பிறகு, ஒருதரம் போய் அதைப் பார்த்துவிட்டு வரலாமா என்று மகன் கேட்டான்.  இரண்டு வருஷமாகக் காத்து வந்த கட்டுப்பாட்டை ரெத்தினதாஸ் யோசித்துக்கொண்டிருந்தான்.

அடுக்களையிலிருந்து புஷ்பபாய் வந்து நின்றாள். பேசியதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"காணம் அவிச்சு வச்சிருக்கேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "போனியன்னா கொண்டு போங்க."

அவள் நீட்டிய கலம் சூடாக இருந்தது. ரெத்தினதாஸ் நாலு மணி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். உப்பு இல்லை.